பேயோட்டி கிளாஸ்: பேய் வந்தா அவ மட்டும்தான், வராட்டி அவளே இல்ல. எப்படிச் சமன் பண்றது?

கடாரத்துக் காவலன் (ஜெலுத்தோங், பினாங்கு)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வீட்டுல டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதையா ஆடற ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு ஆடறோம், 2014 விதிகள். கதைக்களம் நானே கட்டினது. 1025-ல ராஜேந்திர சோழனோட கப்பற்படை வந்து போன பிறகு ஒரு தலைமுறை தள்ளி, கடாரம் (இன்னைக்குக் கெடா). பூஜாங் பள்ளத்தாக்கு, ஜெராய் மலை, ஆத்தோரத்து இரும்பு உலைகள், துறைமுகம், கடற்கொள்ளைக்காரங்க, காட்டுக்குள்ள பாழடைஞ்ச சண்டி (பழைய கோயில்). மேசையில முழுக்கத் தமிழ்தான்.

பார்ட்டியில (கதையில சேர்ந்து போற குழு) ஒரு ஃபைட்டர் (போராளி), ஒரு ரோக் (திருடன் வகை), ஒரு கிளெரிக் (பூசாரி), நாலாவதா ஒரு பேயோட்டி. இப்படி ஒவ்வொரு பாத்திர வகைக்கும் கிளாஸ்னு பேரு. பேயோட்டி எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. ஆடற தங்கச்சியும் நானும் சேர்ந்து எழுதினது. அவ உடுக்கை அடிச்சா 60 அடிக்குள்ள இருக்கற பேய்வகை எல்லாம் விஸ்டம் சேவ் (மனவுறுதிக்கான தப்பிக்கும் பகடை) போடணும், தோத்தா ஓடணும். பேய்வகை மேல அவ அடி விழுந்தா கூடுதலா 5டி6 (ஆறுமுகப் பகடை அஞ்சு). பக்கத்துல ஆவி இருந்தா அவளுக்குத் தெரியாம இருக்காது. மத்த எதிரிங்களுக்கு ஒரு தடி, 1டி6+3. இப்ப எல்லாரும் லெவல் 5.

பிரச்சினை இதுதான். சண்டிக்குள்ள போனாங்க, உடுக்கை அடிச்சா, பாதிப் பிணம் ஓடிப் போச்சு, மீதியை அவளே முடிச்சா. ஃபைட்டர் கத்தியை உருவினதோட சரி. அடுத்த செஷன் துறைமுகத்துல கொள்ளைக்காரங்களோட சண்டை, அப்புறம் மிளகு வியாபாரிங்களோட பேரம். ராத்திரி முழுக்க அவளுக்கு வேலையே இல்ல. போன் எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சா. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்தது, ஏன்னா எங்க மேசையிலயே கதைக்காக அதிகம் யோசிக்கறவ அவதான்.

இப்படி ஒரே விஷயத்துல மட்டும் கெட்டிக்கார கிளாஸை எப்படிச் சமன் பண்றீங்க? பேயைக் கூட்டணுமா, டேமேஜைக் குறைக்கணுமா?

செந்தூல் சாரதி (கோலாலம்பூர்)

தம்பி, இது ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற தகராறு. 1974-இல் முதல் தொகுப்பு வந்தபோது மூன்றே கிளாஸ்: போராளி, மந்திரவாதி, கிளெரிக். மறு வருடம் துணைநூலில் திருடன் வந்தான். பூட்டுத் திறப்பது, பொறி அகற்றுவது, நிழலில் ஒளிவது எல்லாம் அவனுக்கென்று சதவீதக் கணக்கோடு வந்தன. அதுவரை யார் வேண்டுமானாலும் “மெல்ல நடந்து போகிறேன்” என்று சொல்லலாம், டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) யோசித்துத் தீர்ப்புச் சொல்வார். திருடன் வந்த பிறகு பல மேசைகளில் “அது திருடன் வேலை, உனக்கு வராது” என்று ஆகிவிட்டது. ஒருவனுக்குத் தனித்திறமை எழுதிக் கொடுத்தால், எழுதாமலே மற்றவர்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறோம். சமநிலை பேசும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

அந்தத் திருடனுக்காவது உருப்படியான திறமை கிடைத்ததா? 1981 தொகுப்பில் முதல் லெவலில் பூட்டுத் திறக்க 15 சதவீதம், பொறி அகற்ற 10, ஒளிய 10. சுவர் ஏறுவது மட்டும் 87. பலவீனத்துக்கு ஈடாக லெவல் சீக்கிரம் ஏறும்: இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1200 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2000, மந்திரவாதிக்கு 2500, எல்ஃபுக்கு (அங்கே அதுவும் ஒரு கிளாஸ்) 4000. இன்றைக்கு இதைப் பழைய காலத்து விசித்திரம் என்கிறார்கள். எனக்கு அது நேர்மையான முறையாகத்தான் படுகிறது. எல்லாரும் ஒரே லெவலில் ஒரே வலு என்று பாசாங்கு செய்யவில்லை.

உன் மேசைக்கு வருகிறேன். அங்கே ஒரு கிளெரிக்கும் இருக்கிறார் அல்லவா? பேயை விரட்டுவது தொடக்கத்திலிருந்தே கிளெரிக்கின் சொத்து. 2014 விதியில் அவருக்கு 30 அடி தூரம், லெவல் 5-இல் ஒரு ஓய்வுக்கு ஒரே முறை. உன் பேயோட்டிக்கு 60 அடி, எத்தனை முறை என்று கணக்கே சொல்லவில்லை. சண்டிக்குள் ஃபைட்டர் சும்மா நின்றதை எழுதினாய். கிளெரிக் என்ன செய்தார்? அதை எழுதவே இல்லையே.

எண்கணக்கு (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

சாரதி அண்ணன் சொன்னதோடு எண்களையும் பார்த்துவிடுவோம். எல்லா அடியும் பட்டதாகவே வைத்துக்கொள்கிறேன், லெவல் 5, ஒரு சுற்றுக்கு.

ஃபைட்டர், பெரிய வாள், ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 18: 2டி6+4, இரண்டு அடி, சராசரி 22. ரோக், ரேப்பியரோடு (மெல்லிய வாள்) ஸ்னீக் அட்டாக் (எதிரி அசந்த நேரத்தில் குத்துவது) 3டி6 சேர்த்தால் 19. பேயோட்டி சாதாரண எதிரிமேல் 6.5, பேய்மேல் 24.

இந்த 24-ஐப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஃபைட்டரைவிட இரண்டே புள்ளிதான் கூடுதல். பயப்பட வேண்டியது 6.5-ஐப் பார்த்து. ரோக்கின் அடியில் மூன்றில் ஒரு பங்குதான் அது.

பலர் செய்வது என்னவென்றால், கேம்பெய்ன் (பல ராத்திரி ஓடும் முழுக்கதை) முழுவதற்கும் சராசரி எடுத்து ஈடுகட்டுவார்கள். நாலில் ஒரு சண்டை பேயோடு என்று வையுங்கள். இப்போதைய சராசரி 11-க்குக் கொஞ்சம் கீழே. அதை ஃபைட்டரின் 22-க்குக் கொண்டுவர பேய்மேல் எவ்வளவு அடிக்க வேண்டும்? 68-க்கு மேல். மான்ஸ்டர் மேனுவலில் (எதிரிகளின் பட்டியல் புத்தகம்) ஆவிக்கு உயிர்ப்புள்ளி 45. முதல் அடியிலேயே முடிந்துவிடும், மற்ற மூன்று பேர் மறுபடியும் சும்மா நிற்பார்கள். பிறகு மூன்று சண்டைக்கு இவர் சும்மா நிற்பார். தாளில் சராசரி அழகாகச் சமமாகும், மேசையில் ஒரு ராத்திரிகூடச் சமமாக இருக்காது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் இந்த ராத்திரியைத்தான் ஆடுகிறார், சராசரியை ஆடவில்லை.

அதனால் என் ஆலோசனை: பேயைக் கூட்டாதீர்கள், உச்சத்தையும் பெரிதாக வெட்டாதீர்கள். அடித்தளத்தை உயர்த்துங்கள். எந்த எதிரியாக இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை 3டி6 கூடுதல் கொடுத்தால் 17 வரும், ரோக்குக்குச் சற்றுக் கீழே. பேய்மேல் இன்னும் 1டி6, அப்போது 20.5. போதும்.

செந்தூல் சாரதி

எண்கணக்கு சொன்னது: “பேய்மேல் 20.5”

பேய்மேலேயே ஃபைட்டர் இவளைவிட அதிகம் அடிப்பார் என்றால் பேயோட்டி என்ற பெயர் எதற்கு?

எண்கணக்கு

அண்ணே, பெயருக்கான மதிப்பு அடியில் வர வேண்டியதில்லை. ரோக் விஷயத்தில் மூன்றாம் பதிப்பு என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். 2000-த்தில் வந்த அந்த விதியில் பேய்வகை, உயிரில்லாத பொம்மைகள் மேலெல்லாம் ஸ்னீக் அட்டாக் வேலை செய்யாது. கல்லறைக்குள் போகிற கதையில் ரோக் எடுத்தவருக்குப் பொறி அகற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை. 2009-இல் பாத்ஃபைண்டர் (அந்த விதியிலிருந்து பிறந்த வேறொரு ஆட்டம்) அதைப் பெருமளவு தளர்த்தியது, ஐந்தாம் பதிப்பில் யார்மேலும் வேலை செய்யும். ரோக்கின் தனித்துவம் அதனால் குறைந்துபோகவில்லையே. ஒளிந்து நிற்பது, எக்ஸ்பர்ட்டீஸ் (சில திறமைகளில் இரட்டிப்புத் தேர்ச்சி), எங்கே நின்று குத்துவது என்கிற யோசனை, இவைதான் ரோக். டேமேஜ் எல்லாருக்கும் பொதுவான வாடகை. யாருக்கும் அதில் விலக்குக் கொடுக்கக் கூடாது.

பச்சை அம்பு (பட்டர்வொர்த்)

நான் ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரன் கிளாஸ்) மட்டுமே எடுத்து ஆடறவன். அதனால இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

டேமேஜ் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிட மோசமான ஒரு நோய் இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. 2014 ரேஞ்சரை எடுத்துக்குங்க. தனக்குப் பழகின நிலப்பரப்புல, காடுன்னு வச்சுக்குவோம், மந்திரத்தைத் தவிர வேற எதாலயும் வழி தவற மாட்டான். கரடுமுரடான நிலம் பார்ட்டியோட பயணத்தைத் தாமதப்படுத்தாது. சாப்பாடு தேடினா ரெண்டு மடங்கு கிடைக்கும். படிக்கும்போது என்ன சுகமா இருக்கு பாருங்க. காட்டு மனுசன், என் ஆளு!

மேசையில என்ன நடக்கும் தெரியுமா? நான் காத்துக்கிட்டிருந்த காட்டுப் பயணம் வரும். டிஎம் புத்தகத்தைப் பார்ப்பாரு. “நீ ரேஞ்சர், வழி தவறாது, சாப்பாடு கிடைச்சிடுச்சு, மூணு நாள் கழிச்சு வந்து சேர்ந்துட்டீங்க.” முடிஞ்சது. என் கிளாஸ் எதுக்காக இருக்கோ அந்தக் காட்சியையே என் கிளாஸ் அழிச்சிடுச்சு. ஆறு எங்க கடக்கறது, புலி தடம் புதுசா பழசா, மழையில நெருப்பு மூட்டலாமா வேணாமா, ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல குட்பெர்ரின்னு ஒரு முதல் லெவல் ஸ்பெல் (மந்திரம்). பத்து பழம், ஒரு பழம் ஒருத்தருக்கு ஒரு நாள் சாப்பாடு. பசிங்கற விஷயமே கதையை விட்டுப் போயிடும்.

ஆட்டக்காரங்க ரொம்ப வருசமா இதைச் சொன்னாங்க. 2016-ல சோதனை வடிவம் ஒண்ணு வந்தது, 2020-ல டாஷா பேர்ல வந்த துணைப் புத்தகத்துல மாற்றுத் திறமைகள் வந்தது. இப்ப 2024 புத்தகத்துல ரேஞ்சரோட எதிரி அறிவு எல்லாம் ஹண்டர்ஸ் மார்க் (குறி வச்ச எதிரிமேல கூடுதல் அடி) ஸ்பெல்லோட கட்டிப் போட்டாச்சு. அடி விழுது, சரி. ஆனா அது என் காட்டைத் திருப்பித் தரல. எண்ணைச் சரி பண்ணினாங்க, வேலையைச் சரி பண்ணல.

காவலன் அண்ணே, உங்க பேயோட்டியும் இதே வியாதிதான். உடுக்கை அடிச்சா பேய் ஓடிடும்னா, பேய்க்கதைதான் ஓடிடுது. ஆவி பக்கத்துல இருந்தா தானா தெரிஞ்சிடும்னா, பயமும் போச்சு, தேடலும் போச்சு. அவளோட திறமை கதவைத் திறக்கணும். இப்ப அது “முடிஞ்சது” போர்டு மாட்டிட்டு வருது. “பேய் போயிடுச்சு” வேணாம். “பேய் சுவருக்குள்ள புகுந்து தப்ப முடியாம ஒரு சுற்று நிக்குது, இப்ப நீங்க நாலு பேரும் என்ன பண்றீங்க?” அப்படி வைங்க. ஃபைட்டருக்கும் வேலை வந்திடும்.

பகடைக்காரி (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பச்சை அம்பு தம்பி சொன்ன கடைசி வரிக்கு நூறு ஓட்டு.

நாக் ஸ்பெல் ஞாபகம் இருக்கா? பூட்டைத் திறக்கற மந்திரம். பழைய பதிப்புகள்ல அதை வச்சு மந்திரவாதி திருடன் வேலையைச் சத்தமில்லாம செஞ்சிட்டுப் போயிடுவாரு. 2014-ல அதுக்கு ஒரு விலை வச்சாங்க: திறக்கும்போது 300 அடிக்குக் கேக்கற மாதிரி தட்டற சத்தம். ஒரே வரிதான், ஆனா ரோக்குக்கு உசுரு திரும்பி வந்திடுச்சு. “சத்தமில்லாம வேணுமா, அவன்கிட்டக் குடு. அவசரமா, என்கிட்டக் குடு.” ரெண்டு பேரும் மேசையில இருக்காங்க, பார்ட்டி தேர்ந்தெடுக்குது. உடுக்கைக்கும் இந்த மாதிரி ஒரு விலை வையுங்க. உடுக்கைன்னாலே ஊருக்கே கேக்கற சத்தம்தானே! பேயைக் கட்டிப் போடும், ஆனா காட்டுல இருக்கற மத்தது எல்லாத்துக்கும் நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லிடும்.

இன்னொன்னு, சண்டை இல்லாத காட்சி. டேமேஜை 17 ஆக்கினதுல கொள்ளைக்காரன் சண்டை சரியாயிடும். மிளகு பேரம்? அங்க அவளுக்கு இன்னும் ஒரு வேலையும் இல்ல. என் மேசையில நான் ஒரு கிளாஸைப் பார்க்கும்போது கேக்கற கேள்வி இதுதான்: இந்த ஆளு சந்தைக்குள்ள நடந்து போனா மத்தவங்க கண்ணுக்குத் தெரியாத எது இவ கண்ணுக்குத் தெரியும்? கடாரம் துறைமுகம்! எத்தனை கப்பல் கவிழ்ந்திருக்கும். கொள்ளைக்காரன் இடுப்புல இருக்கற கெரிஸ் கத்தியில ஒரு ஆவி குடியிருக்கலாம். மிளகு மூட்டையோட சொந்தக்காரன் மூழ்கிச் செத்தவன், விக்கறவன் அதை மறைக்கறான், செத்தவன் அவன் பின்னாலயே நிக்கறான். இதை அவ மட்டும் பார்க்கறா. இப்ப பேரத்துல அவகிட்ட ஒரு துருப்புச் சீட்டு இருக்கு. எப்ப, எப்படி இறக்கறதுன்னு அவதான் முடிவு பண்ணணும். பேசறதுக்கு ரோக், மிரட்டறதுக்கு ஃபைட்டர்.

நம்ம பக்கத்துக்குப் பஞ்சமே இல்ல. பெனாங்காலான் (தலை மட்டும் பறந்து வர்ற மலாய்ப் பேய்) 1981 ஃபியண்ட் ஃபோலியோ எதிரிப் பட்டியல்லயே வந்தாச்சு, ராட்சசன் 1977 மான்ஸ்டர் மேனுவல்லயே இருக்கான். ஆனா அங்க அதுங்க அடிச்சுக் கொல்றதுக்கான பட்டியல்தான். நம்ம ஊர்க் கதையில பேய்ன்னா முதல்ல “உனக்கு என்ன வேணும்?”னு கேப்பாங்க. அந்தக் கேள்விதான் உங்க கிளாஸோட முதுகெலும்பா இருக்கணும்னு நினைக்கிறேன்.

உடுக்கை (கெலுகோர், பினாங்கு)

வணக்கம். அந்தப் பேயோட்டி நான்தான். அண்ணன் லிங்க் அனுப்பினாரு, எல்லாத்தையும் படிச்சேன்.

அடி கம்மின்னு நான் வருத்தப்படல. கொள்ளைக்காரங்க சண்டையில தடியால அடிச்சிட்டிருந்தது பரவாயில்ல, ஃபைட்டர் அண்ணனுக்கு முன்னாடி நின்னு அடி வாங்கினதுகூட ஜாலியாதான் இருந்தது. பேரம் பேசறப்பதான் கஷ்டமா இருந்தது. கேக்கறதுக்கு என்கிட்ட ஒரு கேள்விகூட இல்ல. என் ஆளுக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாது, எதுவும் தெரியாது. பேய் வர்ற வரைக்கும் அவ ஒரு ஆளே இல்லங்கற மாதிரி ஆயிடுச்சு.

சண்டிக்குள்ள நான் ஜெயிச்சதும் எனக்குப் பிடிக்கல, அதையும் சொல்லிடறேன். நான் பகடை உருட்டறேன், அண்ணன் பிணம் விழறதைச் சொல்றாரு, மத்த மூணு பேரும் என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. கிளெரிக் அக்கா அவங்க முறை வந்தப்ப “நான் டாட்ஜ் பண்ணிக்கறேன்”னாங்க, அதாவது அடி படாம ஒதுங்கிக்கறேன்னு. சாரதி அண்ணன் கேட்டதுக்கு அதுதான் பதில்.

எங்க தாத்தா தோட்டத்துல உடுக்கை அடிப்பாரு. அவரு அடிச்சவுடனே யாரும் ஓடினதில்ல. ராத்திரி முழுக்க அடிப்பாரு, பாடுவாரு, கேப்பாரு, “யாரு நீ, எந்தூரு, எதுக்கு வந்தே?” பதில் வர்றதுக்கே விடிஞ்சிடும். அதனாலதான் இந்த கிளாஸ் வேணும்னு நான் கேட்டேன். பகடைக்காரி அக்கா எழுதினது அப்படியே அதுதான்.

பச்சை அம்பு

தங்கச்சி, இப்ப ஒரு சிக்கல் வரும், முன்னாடியே சொல்லிடறேன். செத்தவங்ககிட்டக் கேள்வி கேக்கறது கிளெரிக்குக்கு ஏற்கெனவே உண்டு. ஸ்பீக் வித் டெட், மூணாம் நிலை ஸ்பெல், அதாவது லெவல் 5-ல, சரியா உங்க அக்காவுக்கு இப்பத்தான் கிடைச்சிருக்கும். உங்களுக்கும் அதையே கொடுத்தா மறுபடி அவங்க சோத்துல கை வைக்கற மாதிரி ஆயிடும்.

ஆனா அந்த ஸ்பெல்லைக் கவனமாப் படிச்சா ஒரு இடைவெளி இருக்கு. பிணம் வேணும், அதுக்கு வாய் இருக்கணும், அஞ்சு கேள்வி, ஒரு தடவை கேட்டா பத்து நாளைக்குத் திரும்பக் கேக்க முடியாது. பிணம் பேய்வகையா மாறியிருந்தா வேலை செய்யாது. அப்படின்னா பிணமே இல்லாத சாவு யார் பக்கம்? கடல்ல மூழ்கினவன், எரிச்சுக் கரைச்சவன், ஏற்கெனவே பேயா அலையறவன், எல்லாம் உங்க பக்கம். உடம்பு இருந்தா அக்கா, உடம்பு இல்லாட்டி நீங்க. ரெண்டு பேரும் ஒரே கொலையை ரெண்டு பக்கத்துல இருந்து விசாரிக்கலாம்.

கடாரத்துக் காவலன்

மேசைக்காரங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டு, கிளெரிக் அக்காவும் சரின்னு சொன்ன பிறகு போடறேன். புது வடிவம்:

எதிரி யாரா இருந்தாலும் சுற்றுக்கு ஒருமுறை 3டி6 கூடுதல், பேய்வகைன்னா 4டி6. எண்கணக்கு சொன்னபடி.

உடுக்கைக் கட்டு: 30 அடிக்குள்ள ஒரே ஒரு பேய்வகை. சேவ் தோத்தா அடுத்த சுற்று முடியற வரைக்கும் சுவருக்குள்ள புக முடியாது, யார் உடம்புலயும் ஏற முடியாது. ஓடாது! விரட்டறது முழுக்கக் கிளெரிக் அக்காவோடது. உடுக்கைச் சத்தம் 300 அடிக்குக் கேக்கும்.

உடுக்கைக் கேள்வி: உடம்பு கிடைக்காத சாவு, இல்ல அலையற ஆவி. பத்து நிமிசம் அடிச்சா ஒரு கேள்வி. தொடர்ந்து அடிச்சா இன்னொரு கேள்வி, ஆனா ஒவ்வொரு கேள்விக்கும் ஆவி பதிலுக்கு ஒண்ணு கேக்கும். அதைச் செய்யறேன்னு வாக்குக் கொடுக்கணும்.

ஆவி இருக்கறது தானா தெரியாது. அடையாளம் மட்டும் தெரியும்: வாசனை, குளிர், நாய் குரைக்கற திசை. எங்கன்னு தேடறது பார்ட்டியோட வேலை.

கட்டும் கேள்வியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோட ஏறற தேர்ச்சி எண்) அளவு, இப்ப 3. இது போதுமா எண்கணக்கு?

எண்கணக்கு

உங்கள் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை சண்டை என்பதைப் பொறுத்தது. 2014 டிஎம் கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று கணக்குப் போட்டிருக்கிறது. வேலை முடிந்து கூடி ஆடுகிற நம் மேசைகளில் கதையின் ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு மோதல்தான் வருகிறது. ஆறு மோதலுக்கு 3 என்றால் சிக்கனம், ஒன்றுக்கு 3 என்றால் தாராளம். இரண்டுக்கும் குறைவாக வந்தால் கட்டையும் கேள்வியையும் ஒரே பையிலிருந்து எடுக்க வையுங்கள், ஆனால் 2 ஆக்குங்கள். சண்டைக்கு வைத்துக்கொள்வதா கேள்விக்கா என்று அவர் யோசிக்க வேண்டும்.

செந்தூல் சாரதி

வடிவம் நன்றாக வந்திருக்கிறது, கிளெரிக்கை விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டது மனசுக்கு நிறைவு. ஒரு விஷயத்தில் மட்டும் பகடைக்காரியோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒவ்வொரு சந்தையிலும் ஒரு ஆவியை நிறுத்தி வைக்காதே தம்பி. உலகம் கிளாஸுக்காக வளையக் கூடாது. பேயே இல்லாத ஊரும் இருக்கட்டும். அங்கே அவள் தடியோடும் வாயோடும் சமாளிக்கட்டும். எங்கே போகலாம் என்று பார்ட்டி தீர்மானிக்கும்போது “அந்த ஊரில் எனக்கு வேலை இருக்கு” என்று ஒருத்தி வாதாடுவதே ஆட்டம்தான்.

பகடைக்காரி

அண்ணே, வளையணும்னு நான் சொல்லல. ஆனா கேம்பெய்ன் தொடங்கறதுக்கு முன்னாடியே “இந்தக் கதையில பேய் எவ்வளவு வரும்”னு டிஎம் வாயைத் திறந்து சொல்லணும். சொல்லாம விட்டுட்டு “நீயே தேர்ந்தெடுத்தே”ன்னு ஆட்டக்காரர் தலையில கட்டக் கூடாது. சொல்லியாச்சுன்னா பேயில்லாத ஊர் தாராளமா வரட்டும், நானும் உங்க கட்சிதான்.

செந்தூல் சாரதி

அது நியாயம். ஏற்றுக்கொள்கிறேன்.

உடுக்கை

அண்ணே, எண்கணக்கு அண்ணன் சொன்ன மாதிரி 2-ன்னே வச்சுக்கலாம், எனக்குச் சம்மதம். ஒரே ஒரு சந்தேகம். கேள்வி கேட்டா ஆவி பொய் சொல்லலாமா? அப்புறம், வாக்குக் கொடுத்துட்டு நான் செய்யலைன்னா என்ன ஆகும்?

கடாரத்துக் காவலன்

சரி, 2. பொய் சொல்லாது. ஆனா அது சாகறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சது மட்டும்தான் சொல்லும், அதுவும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கலாம். முதுகுல குத்தினவன் யாருன்னு அது பார்த்திருக்காது. வாக்குத் தவறினா அந்த ஆவி உன் பின்னால வந்துடும். அது போற வரைக்கும் உன்னோட தினக் கணக்குல ஒண்ணு குறையும், அதுவும் மேசையில எல்லாருக்கும் தெரியற மாதிரி. கிளெரிக் அக்காவால விரட்ட முடியும், ஆனா முதல்ல நீ அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லி ஆகணும். இந்த ரெண்டையும் உன் தாள்ல எழுதிக்கோ, ஞாயித்துக்கிழமை துறைமுகத்துலேர்ந்தே தொடங்கறோம்.